காண்பானும் கருவியும்: குவாண்டம் கொள்கையில் உணர்வு புகுந்த வரலாறு

சமயச் சொற்பொழிவுகளில் இந்நாளில் ஒரு கூற்று அடிக்கடி செவியில் விழுகின்றது. மேனாட்டுப் பௌதிக நூலார் சடப்பொருளை நுணுகி நுணுகி ஆராய்ந்து சென்று, இறுதியில் காண்பானுடைய உணர்வின்றிக் காணப்படும் பொருளே இல்லை என்று கண்டுவிட்டனர் என்பதும், ஆகவே ஆன்மா உண்டென்பது பரிசோதனையால் நிலைநாட்டப்பட்டுவிட்டது என்பதுமே அக்கூற்று. கேட்போர் மகிழ்கின்றனர். குவாண்டம் என்னும் சொல் ஒருமுறை எடுத்தோதப்பட்டபின் வேறு சான்று எவரும் வேண்டுவதில்லை. ஒரு சாட்சியை அவைக்கு அழைப்பதன்முன், அவர் யார், எவ்விடத்து என்ன கூறினார், பின்னர் அக்கூற்றை மாற்றிக்கொண்டாரா என்று வினவுதல் வழக்கறிந்தோர் கடன். அவ்வாறு வினவுமிடத்து நாம் அறிவது யாதெனின், உணர்வை அந்நூலுட் புகுத்தியோருள் மிகவுந் துணிந்து கூறியவர், தாமே பிற்காலத்தில் அதனைக் கைவிட்டார் என்பது. அவ்வரலாற்றை இயன்றவரை காலமுறையில் ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

குவாண்டம் கொள்கையின் பிறந்தநாள் 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 14 என்று கூறுதல் மரபு. அன்று பெர்லின் நகரில் மாக்ஸ் பிளாங்க் என்பார், சூடேறிய பொருள் வெளிவிடும் கதிர்ச்சக்தியை நீரொழுக்குப்போல் இடையறாததாகக் கொள்ளாது, எண்ணத்தக்க சிறு சிறு கூறுகளாகக் கொண்டு கணக்கிட்டுக் காட்டினார். 1905-இல் ஐன்ஸ்டீன் ஒளிதானே அத்தகைய கூறுகளாக இயங்குவதென்றார். 1913-இல் நீல்ஸ் போர் இதனைக்கொண்டு அணுவின் அமைப்பை விளக்கினார். 1925-இல் ஹைசன்பர்க்கும் 1926-இல் ஷ்ரோடிங்கரும் வெவ்வேறு கணித முறைகளை வகுத்தனர். இரண்டும் ஒரு பொருளையே கூறுவன என்பது விரைவிற் புலனாயிற்று. இவற்றை விரித்தல் வேண்டா. நமக்கு வேண்டுவது ஷ்ரோடிங்கர் கூறிய அலை ஒன்றே.

ஒரு துகளின் நிலையை அவர் ஓர் அலைச்சார்பாகக் கூறினார். அவ்வலைச்சார்பு காலஞ் செல்லச்செல்ல எவ்வாறு மாறும் என்பதை அவர் வகுத்த சமன்பாடு ஐயமறக் காட்டும். ஆயின் அவ்வலைதான் யாது? நீரில் எழும் அலைபோல ஒரு பொருளின் அசைவா? அன்று என்றார் மாக்ஸ் பார்ன். துகள் இன்ன இடத்திற் காணப்படுதற்கு உள்ள வாய்ப்பின் அளவையே அவ்வலை காட்டுகின்றது என்பது 1926-இல் அவர் கூறிய விடை. எலெக்ட்ரான் ஒன்றன்முன் இரு வழிகள் இருப்பின், அலை இரண்டன் வழியும் சென்று அப்பாலுள்ள திரையில் வரிவரியாகிய குறுக்கீட்டுக் கோலத்தை உண்டாக்கும். எலெக்ட்ரானோ திரையில் ஒரு புள்ளியிலேயே விழும். 1989-இல் ஜப்பான் தேசத்து ஹிட்டாச்சி ஆய்வுக்கூடத்தில் அகிரா டோனோமுராவும் அவர் குழுவினரும் எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாகச் செலுத்தி இதனைக் கண்ணாற் காணச் செய்தனர். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் தோன்றின. பல்லாயிரம் புள்ளிகள் சேர்ந்தபின் வரிகள் தெளிவுற எழுந்தன. எவ்வழிச் சென்றதென்று அறிவிக்கும் கருவியொன்றை இடையில் வைப்பின், அவ்வரிகள் தோன்றா.

முடிச்சு இங்கேதான் விழுகின்றது. அலைச்சார்பு பல இடங்களிற் பரந்து நிற்பது, காட்சியோ ஓரிடத்தது. பரந்து நின்றது எப்பொழுது, எதனால், ஒன்றாக ஒடுங்கிற்று? ஷ்ரோடிங்கர் சமன்பாடு அவ்வொடுக்கத்தைத் தருவதில்லை. அச்சமன்பாட்டையே பின்பற்றிச் செல்வோமாயின், இரு நிலைகள் ஒருங்கு பொருந்தி நிற்கும் துகளோடு ஒரு கருவியைக் கூட்டியவழி, கருவியும் அவ்வாறே இரு நிலைகளிலும் ஒருங்கு நிற்கும். அதன் முள் வலமும் இடமும் ஒருசேரச் சாய்ந்திருத்தல் வேண்டும். அங்ஙனம் நிற்கும் முள்ளை எவரும் கண்டிலர். 1935-இல் ஷ்ரோடிங்கர், பெட்டியுள் அடைத்த பூனையொன்று இறந்தும் இறவாதும் ஒருங்கு நிற்பதாகக் கற்பித்து எழுதியது இம்முடிச்சை நகையாடிக் காட்டுதற்பொருட்டே. பூனை உண்மையில் அவ்வாறு நிற்கும் என்று அவர் கருதினார் என்பார் அக்கட்டுரையைப் படித்திலர்.

இம்முடிச்சைக் கணித வாயிலாக ஒழுங்குபெற எடுத்து ஆராய்ந்தவர் ஜான் வான் நாய்மன். இவர் ஹங்கேரி தேசத்துப் புடபெஸ்ட் நகரில் 1903-இல் பிறந்தவர். 1932-இல் குவாண்டம் நூலின் கணித அடிப்படைகளைப் பற்றி ஜெர்மானிய மொழியில் இயற்றிய பெருநூல் பெர்லினில் வெளிவந்தது. அதன் இறுதி அதிகாரமே நாம் கருதுவது. உலகில் இருவகை மாற்றங்கள் உள என்றார் அவர். ஒன்று, அளத்தல் நிகழும்போது திடீரென விளையும் ஒடுக்கம். மற்றொன்று, அளத்தல் இல்லாவிடத்துச் சமன்பாட்டின்படி ஒழுங்காக நிகழும் மாற்றம். இவ்விரண்டன் எல்லை யாண்டுளது?

இதற்கு அவர் காட்டிய உதாரணம் எளியது, எனினும் ஆழமானது. ஒரு திரவத்தின் வெப்பநிலையை அளக்கின்றோம். வெப்பமானியைக் காண்பானுடைய பக்கத்திற் சேர்த்து, திரவத்தை மட்டும் காணப்படும் பொருள் எனலாம். அன்றி, வெப்பமானியின் பாதரசத்தையும் காணப்படும் பொருளாக்கி, அதன் உயரத்தைக் கண்டோம் எனலாம். இன்னும் ஒருபடி சென்று, பாதரசத்தினின்று வந்த ஒளி கண்ணிற் புகுந்து விழித்திரையில் வீழ்ந்த உருவையே கண்டோம் எனலாம். அதனையுங் கடந்து நரம்பின்வழிச் சென்று மூளையின் உயிரணுக்களில் நிகழும் இரசாயன மாற்றம்வரை எல்லாவற்றையும் காணப்படும் பொருளின் பக்கத்திலேயே வைக்கலாம். எவ்வளவு தூரஞ் சென்றாலும், இறுதியில் இவை காண்பானாற் காணப்பட்டன என்று கூறியே தீரவேண்டும். எல்லைக்கோட்டை இவற்றுள் எங்கே இட்டாலும் கணக்கின் பயன் ஒன்றே என்பதை அவர் நிறுவினார். லியோ ஸிலார்டு என்னும் தம் நாட்டு நண்பரோடு உரையாடியதனால் இவ்விடயத்தில் தமக்குத் தெளிவு உண்டாயிற்று என்று குறித்துமுள்ளார்.

இவ்விடத்தைப் படிக்கும் சித்தாந்த மாணவர் உள்ளம் துள்ளும் என்பதை யான் அறிவேன். பொறி சடம், நரம்பு சடம், மூளை சடம். இவையல்லாத ஒன்று இறுதியில் நின்று காண்கின்றது. சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில், உடம்பு, ஐம்பொறி, பிராணன் முதலியவற்றுள் ஒன்றும் ஆன்மா அன்று என விலக்கி விலக்கி அவற்றின் வேறாய் ஆன்மா உண்டென்று நிறுவப்படுவது நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் நாய்மன் கூறியது அதுவன்று. எல்லைக்கோட்டை எங்கேனும் இடலாம் என்பதே அவர் நிறுவியது. மூளைக்கு அப்பால்தான் இடவேண்டும் என்று அவர் நிறுவிலர். கோடு வெப்பமானியின் இப்புறத்தே விழினும் அவருக்கு உடன்பாடே. இவ்வேறுபாட்டை மறந்ததனால் விளைந்த மயக்கமே பின்வருவனவற்றுட் பெரும்பகுதி.

அம்மயக்கத்தை நோக்கி ஓரடி வைத்தவர் இருவர். ஒருவர் பிரிட்ஸ் லண்டன். மற்றவர் எட்மண்ட் பௌவர். லண்டன் முதலில் தத்துவம் பயின்று 1921-இல் மியூனிக் நகரிற் பட்டம் பெற்றவர். பின்னரே பௌதிகத்தில் இறங்கியவர். யூதராதலின் 1933-இல் ஜெர்மனியில் வேலையிழந்து இங்கிலாந்துக்கும் அங்கிருந்து பிரான்சுக்கும் சென்றார். 1939-இல் இருவரும் பாரிஸில் பிரெஞ்சு மொழியில் ஒரு சிறுநூல் வெளியிட்டனர். பொருள், கருவி, காண்பான் என்னும் மூன்றையும் சேர்த்து ஒரே அலைச்சார்பாகக் கொள்க என்பர் இவர். புறத்தே நிற்பார்க்கு மூன்றும் பல நிலைகள் பொருந்தியவாறே தோன்றும். காண்பானுக்கோ ஒரு தனி ஆற்றல் உண்டு. தான் எந்நிலையில் இருக்கின்றான் என்பதைத் தன்னுள்ளே நோக்கி அறியும் ஆற்றல் அது. அவ்வாற்றலால் அவன் பழைய அலைச்சார்பினின்று தன்னைப் பிரித்து, நான் இன்னது கண்டேன் என்று துணிகின்றான். கருவிக்கும் பொருளுக்கும் இடையே மறைவான சக்தியொன்று பாய்ந்து ஒடுக்கத்தை உண்டாக்குவதாக அவர் கூறிலர். தத்துவம் பயின்றவர் கை அந்நூலில் தெரிகின்றது. பௌதிக நூலார் பலர் அதனைக் கவனியாது விட்டதும் அதனாற்போலும்.

கோபன்ஹேகன் கொள்கை என்று பெயர்பெற்றது உணர்வையே ஒடுக்கத்துக்குக் காரணமாகக் கூறுகின்றது என்று பலர் எழுதுகின்றனர். அது பிழை. கோபன்ஹேகனில் இருந்தவர் போர். அளவுக்கருவி அன்றாட மொழியால் விளக்கப்படும் பெரும்பொருளாக இருத்தல் வேண்டும், அதன்கண் மீளாத ஓர் அடையாளம் பதிந்தவுடன் அளத்தல் முடிந்தது என்பதே அவர் நெறி. அடையாளத்தைப் பின்னர் ஒருவர் பார்த்தாலென், பாராதொழிந்தாலென்? ஹைசன்பர்க்கும் 1958-இல் வெளிவந்த தம் நூலில், நிகழக்கூடியதாய் இருந்தது நிகழ்ந்ததாக மாறுவது பொருள் கருவியோடு கூடும்பொழுதே அன்றிக் காண்பானுடைய மனத்திற் பதியும்பொழுது அன்று என்று தெளிவுபட எழுதினார். பொதுமக்களிடையே வேறு கருத்துப் பரவியதற்குக் காரணர் பெரிதும் ஆங்கில நாட்டு வானநூலாராகிய எடிங்டனும் ஜீன்ஸுமே. 1928-இலும் 1930-இலும் முறையே வெளிவந்த அவர்தம் இனிய நூல்கள் பௌதிக உலகை எண்ணத்தின் சாயலுடையதாகக் காட்டின. அவற்றின் தருக்கப் பிழைகளை ஸூசன் ஸ்டெப்பிங் என்னும் அம்மையார் 1937-இல் ஒரு நூலால் எடுத்துக்காட்டினார். அந்நூலைப் படித்தோர் மிகச் சிலர்.

ஷ்ரோடிங்கரைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். ஏனெனில் மேடைகளில் அவர் பெயரே முதற்கண் வருகின்றது. அவர் உபநிடதங்களிற் பேரன்பு உடையவர். உணர்வு பலவன்று, ஒன்றே என்னும் ஏகான்ம மதத்தை இளமை தொட்டே தழுவியவர். 1944-இல் வெளிவந்த உயிரைப்பற்றிய தம் நூலின் முடிவிலும் அதனைக் கூறினார். அம்மதம் சித்தாந்திகளுக்கு உடன்பாடன்று, அது நிற்க. கருதற்பாலது வேறொன்று. அவ்வளவு வேதாந்தப் பற்றுடைய அவரே, குவாண்டம் நூலை அதற்குச் சான்றாக அழைத்திலர். காண்பானுக்கும் காணப்படுவதற்கும் இடையேயிருந்த சுவரைப் புதிய பௌதிகம் இடித்துவிட்டது என்று பிறர் ஆரவாரித்தபோது, 1956-இல் கேம்பிரிட்ஜில் நிகழ்ந்து 1958-இல் நூலாகிய தம் சொற்பொழிவுகளில், அப்படியொரு சுவரே முன்னரும் இல்லை, இல்லாததைப் பௌதிகம் எங்ஙனம் இடிக்கும் என்னும் கருத்துப்பட விடை கூறினார். தம் கொள்கையைத் தம் கணிதத்தின்மேல் ஏற்றிவைக்காத இவ்வடக்கம் பெரிது.

இனி முதன்மையான சாட்சிக்கு வருவோம். யூஜின் விக்னர் 1902-இல் புடபெஸ்டிற் பிறந்தவர். நாய்மன் பயின்ற பள்ளியிலேயே அவருக்கு ஓராண்டு முற்பட்டுப் பயின்றவர். அமெரிக்க நாட்டுப் பிரின்ஸ்டனில் ஆசிரியராயிருந்து 1963-இல் நோபெல் பரிசு பெற்றார். பரிசு பெறுதற்கு இரண்டாண்டு முன்னர், 1961-இல், மனமும் உடலும் பற்றிய வினாவைக் குறித்து அவர் எழுதிய சிறு கட்டுரை லண்டனில் வெளிவந்த ஒரு தொகுப்பில் இடம்பெற்றது.

அதன் வாதம் இது. ஓர் ஒளித்துளி தோன்றுதலும் தோன்றாமையும் ஒருங்கு பொருந்திய நிலையில் ஒரு பொருள் உளது. அதனை யான் நேரே காணாது, என் நண்பரைக் காணுமாறு விடுகின்றேன். சமன்பாட்டின்படி, யான் அவரை வினவும்வரை அவரும் கண்டவர், காணாதவர் என்னும் இரு நிலைகளிலும் ஒருங்கு நிற்றல் வேண்டும். பின்னர் அவரிடம், யான் கேட்பதற்குமுன் உமக்கு என்ன தோன்றிற்று என்று வினவுகின்றேன். முன்னரே சொன்னேனே, கண்டேன் என்றோ, கண்டிலேன் என்றோ அவர் ஐயமின்றி விடையிறுப்பார். அவ்விடை யான் வினவுதற்கு முன்பே அவருள்ளத்தில் முடிவுபெற்றிருந்தது. நண்பர்க்குப் பதிலாக ஓரணுவை வைத்தால் இரு நிலைகளும் ஒருங்கு நிற்கும் என்பதில் ஐயமில்லை; நண்பரை அங்ஙனம் கூறுதல் நகைப்புக்கிடம். ஆகவே அணுவுக்கும் நண்பர்க்கும் வேற்றுமை உணர்வு உண்மையும் இன்மையுமே. உணர்வுள்ள இடத்தில் சமன்பாடு பொய்க்கும். ஒடுக்கத்தைச் செய்வது உணர்வே என்றார். உடல் உணர்வைத் தாக்குவது கண்கூடாக இருக்க, உணர்வு உடலைத் தாக்காதென்பது இயற்கையில் வேறெங்கும் காணப்படாத ஒருதலைச் செயலாகும் என்றுஞ் சேர்த்துக் கூறினார்.

இவ்வாதத்தின் உருவத்தை நம் அளவை நூல் பயின்றோர் எளிதில் அடையாளங் கண்டுகொள்வர். சிவஞான சித்தியார் அளவைப் பகுதியில், காண்டல் கருதல் உரை முதலியவற்றோடு எண்ணப்பட்டுப் பின் அம்மூன்றனுள் அடக்கப்படுவனவற்றுள் ஒழிபு என்பது ஒன்று. வீட்டில் இருப்போர் மூவர். விளக்கை அணைத்தவர் இருவரல்லர். ஒழிந்த ஒருவரே அணைத்தார் என்பது போல்வது அது. கருவி அன்று, கண் அன்று, நரம்பு அன்று, மூளை அன்று, ஒழிந்து நின்றது உணர்வு, ஆகவே உணர்வே. இங்கே காட்சி அளவையால் அறியப்பட்டது ஒன்றுமில்லை என்பதை உற்றுநோக்குக. எந்தப் பரிசோதனையும் உணர்வு ஒடுக்கத்தைச் செய்வதாகக் காட்டவில்லை. ஒழிபளவையின் வலியெல்லாம் ஒன்றிலேயே தங்கும்: வீட்டில் மூவர்தாம் இருந்தனர் என்பது உறுதியாதல் வேண்டும். நான்காமவர் ஒருவர் இருந்தாராயின் வாதம் வீழும்.

பரிசோதனை ஒன்று செய்துபார்க்க முயன்றவரும் உளர். விக்னரிடம் பயின்று 1962-இல் பட்டம் பெற்ற ஆப்னர் ஷிமனி, பௌதிகமும் தத்துவமும் ஒருங்கே வல்லவர். தம் ஆசிரியர் கொள்கை உண்மையாயின் அதனைச் சோதிக்க வழியிருத்தல் வேண்டும் எனக் கருதி, தம் மாணவர் மூவரோடு கூடி ஒரு சோதனை செய்து 1977-இல் வெளியிட்டார். கதிரியக்கப் பொருளொன்றன் சிதைவை எண்ணும் கருவியை முதலில் ஒருவர் சிலபொழுது பார்ப்பார், சிலபொழுது பாராதிருப்பார். சிறிது தாழ்த்து மற்றொருவர் அவ்வெண்ணிக்கையையே பார்த்து, இது முன்னரே ஒருவரால் ஒடுக்கப்பட்டதா, நம்மால் இப்பொழுதுதான் ஒடுக்கப்படுவதா என்று தம் அனுபவத்தினின்று கூறுதல் வேண்டும். கூறியவை நாணயத்தைச் சுண்டிவிட்டுக் கூறுவதனினும் மேம்பட்டிலே. இதனால் கொள்கை முற்றும் மறுக்கப்பட்டது எனல் ஆகாது. ஒடுக்கம் அனுபவத்திற்குப் புலனாகாது நிகழலாமன்றோ? ஆயினும் நம்பிய கொள்கையைச் சோதனைக் கல்லில் உரைத்துப் பார்த்த நேர்மை போற்றத்தக்கது. அவ்வுரைப்பை மேடையில் எவரும் எடுத்துக் கூறக் கேட்டிலேன்.

நான்காமவரைக் காட்டியவர் ஜெர்மனி தேசத்து ஹைடல்பர்க் நகரின் டீட்டர் ஸே. அணுக்கரு ஆராய்ச்சியில் இருந்த இவர் எழுதிய கட்டுரையைப் பல இதழ்கள் ஏற்க மறுத்தன. அதனை வெளிக்கொணர உதவியவர் யாரெனின், விக்னரே. 1970-இல், பௌதிகத்தின் அடிப்படைகளை ஆராய அப்பொழுது தொடங்கிய இதழொன்றின் முதற்றொகுதியில் அது வெளிவந்தது. தம் கொள்கைக்கு உலைவைக்கும் வாதத்தை அச்சேறச் செய்த விக்னருடைய பண்பை என்னென்பது!

ஸே கூறியது உற்றுநோக்கின் எளியதே. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தனித்து நிற்கும் பொருளுக்கே வைத்துக் கூறுகின்றோம். ஓரணு சிறிதுபோது தனித்து நிற்றல் கூடும். கருவியோ, பூனையோ, விக்னரின் நண்பரோ ஒரு கணமும் தனித்து நிற்பதில்லை. காற்றணுக்கள் மோதுகின்றன, ஒளி பட்டுத் தெறிக்கின்றது, வெப்பம் கதிராக வெளிச்செல்கின்றது. இவை ஒவ்வொன்றும் முள் வலஞ் சாய்ந்ததா, இடஞ் சாய்ந்ததா என்னும் செய்தியை ஏந்திச் செல்கின்றன. இரு நிலைகளும் ஒருங்கு நிற்பதற்கு அடையாளமாகிய ஒத்தியைவு அதனாற் சூழலெங்கும் சிதறிப்போகின்றது. ஊர் முழுதும் பரவிய இரகசியத்தை மீட்டுப் பெட்டியுள் அடைத்தல் எங்ஙனம் இயலாதோ, அங்ஙனமே அதனை மீட்டுச் சேர்த்தலும் இயலாது. பெரும்பொருள்களிற் குறுக்கீடு தோன்றாமைக்கு இதுவே காரணம். செய்தி வெளிச்சென்றாற் போதும். அதனைப் பெற்று உணர ஒருவர் வேண்டுவதில்லை. விண்மீன்களுக்கிடையே யாதொன்றுமில்லாத பாழ்வெளியில் மிதக்கும் தூசியையும், அண்டமெங்கும் பரந்துள்ள பின்புலக் கதிர்களே இவ்வாறு ஒத்தியைவு குலையச் செய்யும் என்று யூஸும் ஸேயும் 1985-இற் கணக்கிட்டுக் காட்டினர்.

விக்னர் 1970-களின் பிற்பகுதியில் தம் பழைய கொள்கையைக் கைவிட்டார். காரணங்கள் இரண்டு. பெரும்பொருள் தனித்து நில்லாமையால் அதற்குச் சமன்பாட்டைச் செலுத்தியதே தவறு என்னும் ஸேயின் வாதம் ஒன்று. தம் கொள்கையை முடிவுவரை பின்பற்றினால், என் உணர்வு ஒன்றே மெய், பிறர் உணர்வெல்லாம் யான் காணும்வரை ஐயத்துக்குரியன என்னும் படுகுழியில் விழநேரும் என்னும் அச்சம் மற்றொன்று. இரண்டாவதை அவர் 1961-இலேயே அறிந்திருந்தார். அறிந்தும் அப்பொழுது வாதத்தின் ஆற்றலால் இழுப்புண்டார். அதன்பின் 1995-இல் இறக்குமளவும், பெரும்பொருள்களுக்கு ஏற்பச் சமன்பாட்டையே திருத்தவேண்டும் என்னும் பக்கத்திலேயே அவர் நின்றார்.

ஸே கூறியது வெறுங் கருதலோடு நின்றுவிடவில்லை. 1996-இல் பாரிஸில் செர்ஜ் ஹாரோஷும் அவர் குழுவினரும், ஒத்தியைவு சிறிது சிறிதாகக் குலைவதை அளந்து காட்டினர். ஹாரோஷ் 2012-இல் நோபெல் பரிசு பெற்றோருள் ஒருவரானார். வியன்னா நகரிற் செய்த சோதனை இன்னும் தெளிவானது. 1999-இல் அங்கே, அறுபது கரியணுக்கள் பந்துபோற் சேர்ந்த மூலக்கூறும் அலைபோல் இருவழியுஞ் சென்று குறுக்கீட்டு வரிகளைத் தருவதைக் கண்டனர். 2004-இல் எழுபது கரியணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை லேசர் ஒளியாற் சூடேற்றிச் செலுத்தினர். சூடேறிய மூலக்கூறு செல்லும் வழியில் தானே ஒளி வீசும். அவ்வொளி அது செல்லுமிடத்தைப் புறத்தே அறிவிக்கும். சூடு ஏறஏற வரிகள் மங்கின. மிக ஏறியபோது மறைந்தன. மங்கியது கணக்கிட்ட அளவோடு ஒத்திருந்தது. அவ்வொளியை எவரும் நோக்கிலர். நோக்கக் கருவியும் வைத்திலர். காண்பார் இல்லாமலே வரிகள் மறைந்தன.

இங்ஙனம் கூறியதனால் முடிச்சு முற்றும் அவிழ்ந்தது என்று கொள்ளற்க. ஒத்தியைவு குலைதல், குறுக்கீடு ஏன் தோன்றவில்லை என்பதை விளக்கும். பல வாய்ப்புக்களுள் இந்த ஒன்றே ஏன் நிகழ்ந்தது என்பதை விளக்காது. அதற்கு விடை கூறுவோர் பலதிறத்தர். 1952-இல் டேவிட் போம், துகளுக்கு எப்பொழுதும் ஓரிடம் உண்டு, அலை அதனை நடத்துகின்றது என்றார். 1957-இல் ஹ்யூ எவரெட், ஒடுக்கமே இல்லை, எல்லா வாய்ப்புக்களும் கிளைகிளையாக நிகழ்கின்றன என்றார். 1986-இல் இத்தாலியர் மூவர், ஒடுக்கம் தானே அவ்வப்போது நிகழுமாறு சமன்பாட்டைத் திருத்தினர். உணர்வை மீண்டும் அழைப்போரும் இல்லாமலில்லை. தத்துவ ஆசிரியர் சால்மர்ஸும் மக்வீனும் 2022-இல் அக்கொள்கையைச் சோதிக்கத்தக்க உருவில் வைத்து எழுதினர். பென்ரோஸ் 1989 முதல் கூறிவருவதை இதனோடு சேர்த்து எண்ணுதல் கூடாது. உணர்வு ஒடுக்கத்தைச் செய்கின்றது என்பது விக்னர் கூறியது. ஒடுக்கமே உணர்வைத் தோற்றுவிக்கின்றது என்பது பென்ரோஸ் கூறுவது. இரண்டும் ஒன்றற்கொன்று தலைகீழ். பின்னதை ஏற்பின் உணர்வு சடத்தின் விளைவாகவே முடியும். அதனை ஆன்ம சித்திக்குச் சான்றாகக் காட்டுவோர் தாம் பிடித்தது எதன் வாலென்று அறியாதவரே.

பௌதிகக் கொள்கையோடு சமயத்தைப் பிணைப்பதனால் வரும் இடரை நம்மவர்க்கு அணித்தான ஒரு வரலாறு காட்டும். ஆனந்த குமாரசுவாமி, கூத்தப்பெருமான் திருவுருவத்தின் பொருளை உண்மை விளக்கம் முதலிய நூல்களைக்கொண்டு விளக்கி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை, நல்லசாமிப் பிள்ளையவர்கள் தொடங்கிய சித்தாந்த தீபிகையில் 1912-இல் வெளிவந்தது. 1918-இல் நூலாகத் தொகுக்கப்பட்டு உலகெங்கும் பரவிற்று. அதனைப் படித்துக் கவரப்பட்டோருள் பிரிட்ஜாப் காப்ரா ஒருவர். 1975-இல் அவர் வெளியிட்ட நூல், பௌதிகத்தையும் கீழ்நாட்டுச் சமயங்களையும் ஒப்பிட்டுப் பெயர்பெற்றது. 2004-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் ஜெனீவா நகரத்துச் செர்ன் ஆய்வுநிலையத்தில், இந்திய அரசினர் வழங்கிய 2 மீட்டர் உயரமுள்ள நடராஜ வடிவம் நிறுவப்பட்டபோது, அதனருகே பதித்த பலகையிற் காப்ராவின் சொற்களும் பொறிக்கப்பட்டன. இத்துணையும் மகிழ்தற்குரியதே. ஆனால் காப்ரா தம் ஒப்புமைக்குப் பெரிதும் சார்ந்திருந்தது, துகள்களுள் அடிப்படையானது என்று ஒன்றுமில்லை, ஒவ்வொன்றும் மற்றெல்லாவற்றாலும் ஆயது என்று ஜெப்ரி சூ அந்நாளிற் கூறிவந்த கொள்கை. அவர் நூல் வெளிவருதற்குச் சில மாதங்கள் முன்னர், 1974 நவம்பரில், இரு அமெரிக்க ஆய்வுநிலையங்கள் கண்ட புதிய துகள், குவார்க் என்னும் அடிப்படைத் துகள்கள் உள என்னும் கொள்கையை வலியுறுத்திவிட்டது. சூவின் கொள்கையைத் துகள் ஆராய்ச்சியாளர் பலரும் கைவிட்டனர். காப்ராவோ பின்வந்த பதிப்பிலும் அதனை விட்டிலர். கூத்தின் பொருள் 1912-இல் எழுதப்பட்டவாறே நிற்கின்றது. அதற்குத் துணையாக நிறுத்திய தூண் பதிப்பு வருமுன்னரே சாய்ந்துவிட்டது.

விக்னர் வரலாற்றில் இன்னுமொன்று கூறவேண்டியுள்ளது. 1961-இல் அவர் எழுதிய கட்டுரை, 1967-இல் அவருடைய சொந்தக் கட்டுரைத் தொகுதியில் மீண்டும் அச்சாயிற்று; இன்றும் மாணவர் பயிலும் தொகை நூல்களில் இடம்பெறுகின்றது; எடுத்தாளப்படுவதும் அதுவே. அதனைக் கைவிட்டுப் பின்னர் அவர் கூறியனவோ, மாநாட்டு நிகழ்ச்சிகளைத் தொகுத்த புத்தகங்களில், பெரிய நூல்நிலையங்களின் மேற்றட்டுக்களிற் கிடக்கின்றன. அண்மையில் ஒரு நண்பர் தாம் ஆற்றவிருந்த சொற்பொழிவின் குறிப்பை எனக்குக் காட்டினார். அதில் விக்னர் பெயர் இருந்தது. 1961 என்னும் ஆண்டும் இருந்தது. பிற்காலத்து விக்னரைப்பற்றி அவர்க்குக் கூறினேன். சிறிதுபோது பேசாதிருந்தார், பின் எழுதுகோலை எடுத்து அவ்வரியை அடித்தார், அடித்த இடத்தின்மேல் மூன்றாஞ் சூத்திரம் என்று எழுதிக்கொண்டார்.